ஒறிஜினல் எஞ்சின் ஆருக்கு வேணும்?

‘ஒறிஜினல்’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு இப்ப எரிச்சல் வருகிறது. பழைய காரைப் பற்றி எவர் கதைத்தாலும் முதல் கேள்வி அதுதான்: “எஞ்சின் ஒறிஜினலோ?” இல்லையென்றால் முகம் சுருங்கும், விலை இறங்கும். “ஆ... மாத்தின எஞ்சினோ” என்று ஒரு இழுவை. ஏதோ குடும்ப மானம் போனமாதிரி.

மாற்றிய எஞ்சின் குறையல்ல, அது அந்த வண்டியின் வரலாறு. அதைக் கழற்றி இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, கப்பலில் வந்தமாதிரி ஒரு எஞ்சினைத் தேடிப் பூட்டி, ‘பழமையை மீட்டுட்டம்’ என்று கலியாணவீட்டு வாசலில் றிபன் கட்டி நிப்பாட்டுவது மீட்பில்லை, அழிப்பு.

எங்கட பெடியள் இரவிரவாக யூடியூப்பில் பார்க்கிற விடயத்திலிருந்தே தொடங்குவோம். செவ்ரோலெட் சீ10 பிக்கப், 1967க்கும் 1972க்கும் இடையில் வந்த வடிவம். அமெரிக்காவில் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் ஓடிய வண்டி. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த ஒன்றுக்குள் இன்று ‘பிக் பிளொக்’ இறக்குகிறார்கள். 454 கன அங்குலம், அதாவது 7.4 லீற்றர். செவ்ரோலெட் 1970இல் விட்ட எஞ்சின். அதே கொம்பனியின் சின்ன வீ8க்கும் இதற்கும் கியர்பொக்ஸ் பூட்டுகிற துளைகள் ஒரே அமைப்பு என்பதால் வேலை சுலபம் போலத் தெரியும். சுலபமில்லை. பாரம் கூட, ஆகவே முன் ஸ்பிரிங் மாற்றவேணும். சூடு கூட, றேடியேற்றர் பெரிசாகவேணும். இழுவை கூட, கியர்பொக்ஸும் பின் அச்சும் தாங்கவேணும், பிறேக் பிடிக்கவேணும். ஒன்றைத் தொட்டால் ஐந்தைத் தொடவேணும்.

அங்கேயும் ‘ஒறிஜினல்’ பக்தர்கள் உண்டு. வண்டியின் இலக்கமும் எஞ்சினின் இலக்கமும் பொருந்தாவிட்டால் மதிப்பில்லை என்பார்கள். ஆனால் மாற்றிக் கட்டுகிறவருக்கும் அங்கே மரியாதை இருக்கிறது, எழுத்து மரபு இருக்கிறது. ‘ஹொட் ரொட்’ சஞ்சிகை 1948இலேயே தொடங்கிவிட்டது. எந்த எஞ்சின் எந்த வண்டிக்குள் எப்படி இறங்கியது, எங்கே இடித்தது, எதை வெட்டினார்கள் என்று எழுதி, படமெடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்களிட்ட என்ன இருக்கு?

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து றோட்டுகளில் ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்பேட் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. இதை எல்லாரும் சொல்லுவார்கள். எப்படி ஓடின என்று கேட்டால் ஆக்கள் குறைவு.

எஞ்சின் குளிராக இருக்கும்போது மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்தம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்துத் தட்டும். பழைய இங்கிலீஷ் கார்களின் எஞ்சினில் அழுத்தம் குறைவு, அதனால் அவை பொறுத்துக்கொண்டன. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் தண்ணியானால் பெயாரிங் தேயும். அப்படித் தேய்ந்துபோன எஞ்சின்களின் இடத்தில்தான் பிறகு ஜப்பான் டீசல் எஞ்சின்கள் வந்து இருந்தன. மவுண்டை வெட்டி ஒட்டி, லேத்தில் இணைப்புத் தட்டுக் கடைந்து, சாவ்ற்றைக் குறுக்கி, ஒரு கார் திரும்ப ஹயர் ஓடத் தொடங்கும்.

இதில் வேதியியல் இருக்கு, பௌதிகம் இருக்கு, உலோகம் பற்றிய அறிவு இருக்கு. செய்தவர்கள் பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். கலைப்பீடத்தில் இருந்துகொண்டு நாங்கள் தடைக்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவோம். அதில் மண்ணெண்ணெய்க் கார் ஒரு வரியில் வந்து போகும், ஒரு பகிடி மாதிரி. மெக்கானிக்கை ‘தகவலாளி’ என்று போடுவோம். அறிஞர் என்று போடமாட்டோம்.

ஏனென்றால் கையில் ஒயில் பட்டவரை எங்கட சமூகம் அறிவாளியாக எண்ணியதில்லை. “படிக்காட்டில் கராஜுக்குத்தான் போவாய்” என்ற வெருட்டலைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை எங்களுக்குள் குறைவு. கைவேலையைச் சாதியோடு கட்டி வைத்த ஊர் இது. இரும்படிக்கிறவரையும் மரம் இழைக்கிறவரையும் வாசலில் நிறுத்தின அதே மனந்தான் இன்று மாற்றிய எஞ்சினைப் பார்த்து மூக்கைச் சுழிக்கிறது.

ஒறிஜினல் பக்தர்களைவிட இன்னொரு கூட்டம் எங்களுக்குக் கூடப் பயம். “தடை போட்டும் தமிழன் கார் ஓட்டினான் பார்” என்று மார்தட்டுகிற கூட்டம். கேட்க நல்லாயிருக்கு. ஆனால் இப்படிக் கதைத்துக் கதைத்துத் தடையை ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆக்கிவிடுகிறோம். நோயாளியைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உழக்கின காலம் அது. சீ10க்குள் 454 இறக்குகிறவருக்கு அது ஆசை. கேம்பிறிட்ஜுக்குள் டீசல் எஞ்சின் இறக்கினவருக்கு அது அடுப்பெரிகிற கேள்வி. இரண்டுக்கும் ஒரே கைத்திறன் வேணும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அதனால்தான் அந்த டீசல் எஞ்சின் அங்கேயே இருக்கவேணும் என்கிறோம். என்ன செய்தார்கள் என்பதற்கு மட்டுமில்லை, என்ன செய்ய வைக்கப்பட்டார்கள் என்பதற்கும் அது சாட்சி.

“என்ர கார், என்ர காசு” என்பீர்கள். சரி. பாதுகாப்பைப் பற்றிக் கேட்பீர்கள். அதுவும் நியாயம். 40 குதிரைவலு எஞ்சினோடு பிறந்த ஏ40க்குள் பாரம் கூடின டீசல் எஞ்சின் இருந்தால் பழைய பிறேக் போதாது. பிறேக்கை மாற்றுங்கள், மவுண்டைப் பாருங்கள், எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஒழுங்காக ஏற்றுங்கள். அமெரிக்கப் பிக்கப்புக்குச் சொன்ன அதே விதிதான். வண்டியைப் பாதுகாப்பாக்குவது வேற, அதன் கதையைத் துடைப்பது வேற.

கழற்றியே ஆகவேணுமென்றால் கழற்றுமுன் படமெடுங்கள். எந்த எஞ்சின், எந்த ஆண்டு, ஆர் இறக்கினது, எந்தப் பட்டறையில் தட்டுக் கடைந்தது என்று எழுதி வையுங்கள். கலைப்பீடத்துக்காரர் நாங்களும் கராஜுக்குள் போகவேணும், பொம்பிளைப் பிள்ளையளும் சேர்த்து. தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் ஐயாமாரைக் கதைக்க விட்டால் போதும், போனில் பதியலாம். அவர்களுக்கு வயது போகுது. 1990இல் முப்பது வயதில் ஸ்பானர் பிடித்தவருக்கு இப்ப அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

இனிப் பழைய கார் ஒன்றைக் கண்டால் ஒறிஜினலோ என்று கேக்காதேங்கோ. ஆர் மாத்தினது, எப்ப, ஏன் எண்டு கேளுங்கோ.