ஆடுகளம்: கோல் போட்டவனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்!

ஆகஸ்ட் கடைசி. அமெரிக்கக் கல்லூரிகள் திறக்கும் நேரம். விடுதி அறையில் பெட்டியைக்கூடப் பிரிக்காத முதலாண்டு மாணவர்கள் சிலர், ஹெல்மெட்டையும் வலை கட்டிய ஒரு குச்சியையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவார்கள். லாக்ராஸ் அணிக்கு ஆள் எடுக்கும் ட்ரைஅவுட்!

இரண்டு மூன்று நாள் நடக்கும். அதற்குள், முன்பின் தெரியாத பிள்ளைகளைப் பார்த்து ‘நீ வா, நீ வேண்டாம்’ என்று சொல்லியாக வேண்டும். சொல்பவருக்கும் சங்கடம், கேட்பவருக்கு அதைவிடச் சங்கடம். வீட்டைவிட்டு முதல்முறையாக வெளியே வந்திருக்கும் 18 வயதுப் பிள்ளைக்கு, அணி என்பது வெறும் விளையாட்டு இல்லை. சாப்பிடக் கூப்பிட நாலு பேர் கிடைப்பதும் அதில்தான் இருக்கிறது.

அந்த நாலு பேரில் ஒருவராக யாரைச் சேர்ப்பது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்? ‘லாக்ராஸா, அது என்ன?’ என்று கேட்பவர்களும் தைரியமாகப் படிக்கலாம். ஆள் எடுப்பவர்களுக்கும், எடுக்கப்படக் காத்திருப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

ஆட்டம் என்ன?

வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டம் இது. அவர்களில் ஹோடினோஷோனி மக்களுக்கு இன்றும் இது படைத்தவன் தந்த ஆட்டம். நோய் தீர்க்கும் வழிபாடும்கூட. ‘லாக்ராஸ்’ என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் 1867-ல் விதிகளை எழுதினார். 1904, 1908 ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக இருந்தது. இப்போது 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், அணிக்கு ஆறு பேர் ஆடும் வடிவில் திரும்பி வருகிறது.

கல்லூரியில் ஆண்கள் ஆட்டத்தில் அணிக்கு 10 பேர். ஒரு கோல்கீப்பர், தடுக்க மூவர், நடுக்களத்தில் மூவர், தாக்க மூவர். பெண்கள் ஆட்டத்தில் 12 பேர். ஆண்கள் உடம்போடு மோதலாம். பெண்கள் ஆட்டத்தில் அதற்கு அனுமதி இல்லை. பந்து கெட்டி ரப்பர். கிரிக்கெட் பந்தைவிடச் சற்று எடை குறைவு. கோல் கம்பம் ஆறடிக்கு ஆறடி. பந்தைக் கையால் தொடக் கூடாது. வலையில் ஏந்தி, ஆட்டி ஆட்டி விழாமல் ஓடி, வீச வேண்டும்.

கதவு எவ்வளவு திறந்திருக்கிறது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு அணிகளில் பெரும்பாலோர் பள்ளியில் படிக்கும்போதே தேர்வாகிவிடுவார்கள். ஒரு காலத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம்கூட ‘எங்கள் கல்லூரிக்கு வா’ என்று பேசி முடித்தார்கள். இது அளவு மீறிப் போகவே, 2017-ல் ஒரு தடை வந்தது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-ம் தேதிக்கு முன்னால் கோச் பேசக் கூடாது.

அப்படிப் பேசி எடுக்கப்படாமல், தானாக வந்து கதவைத் தட்டுகிறவருக்கு ‘வாக்-ஆன்’ என்று பெயர். அந்தக் கதவு இப்போது இன்னும் குறுகிவிட்டது. 2025-ல் வந்த புதிய ஏற்பாட்டை ஏற்ற முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆண்கள் லாக்ராஸ் அணிக்கு 48 பேர், பெண்கள் அணிக்கு 38 பேர் என்று உச்சவரம்பு இருக்கிறது.

ட்ரைஅவுட்தான் எல்லாமே என்று இருப்பது கல்லூரி கிளப் அணிகளில். இங்கே ஆட வருகிறவர் தன் கைக்காசைக் கட்டி ஆடுகிறார். பல இடங்களில் அணியை நடத்துவதே மாணவர்கள்தான். அதாவது, உங்களை எடைபோடுகிறவர் உங்களைவிட இரண்டு வயது மூத்த அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம். நாளைக்கு அதே மெஸ்ஸில் எதிரே உட்கார வேண்டும். நியாயமாக நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இன்னும் அதிகம்.

கண் ஏமாறும் இடம்

1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விஷயத்தை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களுக்கு மதிப்பெண் போடும்போது, ஒரு குணத்தில் நல்ல பெயர் வாங்கியவருக்கு மற்ற எல்லாக் குணத்திலும் அள்ளிக் கொடுத்தார்கள். ஒளிவட்ட விளைவு என்று அதற்குப் பெயர் வந்தது.

ட்ரைஅவுட் மைதானத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் பத்து நிமிடத்தில் ஒருவன் இரண்டு கோல் போட்டுவிட்டால், பிறகு அவன் பந்தைக் கீழே விட்டாலும் ‘பாவம், துரதிர்ஷ்டம்’ என்பார்கள். முதல் பந்தைக் கோட்டைவிட்டவன் பிறகு ஐந்து பந்தை மீட்டாலும் யார் கண்ணிலும் படாது. பெயர்பெற்ற பள்ளியின் ஹெல்மெட், விலை உயர்ந்த குச்சி, ஆறடி உயரம் எல்லாமே இப்படி மதிப்பெண் வாங்கித் தரும்.

இதற்கு மருந்து கடினமானது இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி மேல்சட்டை, அதில் எண் மட்டும். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதல் நாளுக்கு முன்பே எழுதி வைப்பது. மூன்று பேர் எடைபோட்டால், மூவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிய பிறகே வாய் திறப்பது. கோச் முதலில் ‘அந்த 14-ம் நம்பர் பிரமாதம்ல?’ என்று சொல்லிவிட்டால், அப்புறம் மற்றவர்களின் பேனா 14-ம் நம்பர் பக்கமே சாயும்.

சரி, எதைப் பார்ப்பது?

*தரையில் உருளும் பந்து:* லாக்ராஸில் பந்து அடிக்கடி கீழே விழும். அதை யார் எடுப்பது என்பதில்தான் பாதி ஆட்டம். இடுப்பை வளைத்து, குச்சியைத் தாழ்த்தி, நிற்காமல் ஓடியபடி அள்ளுகிறவர் ஒரு வகை. நின்று, குச்சியால் கிளறிக்கொண்டிருப்பவர் இன்னொரு வகை. இதற்குப் பெரிய திறமை வேண்டாம், மனசு வேண்டும். அதனாலேயே இது நல்ல அளவுகோல்.

*பழகாத கை:* வலது கைக்காரர் இடது கையில் பந்து பிடித்து வீசுகிறாரா? இரண்டு கையும் வராதவரை, வந்த பக்கத்தை மறித்தே எதிரணி முடக்கிவிடும். ஒரு கை மட்டும் வருகிறதென்றால், சுவரில் பந்தை அடித்துப் பிடிக்கும் தனிப் பயிற்சியை அவர் செய்யவில்லை என்று அர்த்தம்.

*கால்:* தடுக்கும் ஆட்டக்காரரின் குச்சி ஆறடி வரை நீளமாக இருக்கலாம். அதை ஓங்கி வீசுகிறவர் பார்க்கப் பயங்கரமாக இருப்பார். நல்ல தடுப்பாட்டக்காரர் குச்சியைவிடக் காலை நம்புவார். எதிராளியோடு பக்கவாட்டில் நகர்ந்து, கோலிலிருந்து தள்ளியே வைத்திருப்பார்.

*பந்து இல்லாத நேரம்:* ஒரு ஆட்டக்காரரிடம் பந்து இருப்பது மிகக் கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் என்ன செய்கிறார்? நண்பனுக்கு வழிவிட்டு விலகுகிறாரா? ஒருவர் தாண்டப்பட்டால் உதவிக்கு ஓடுகிறாரா? ‘நான் வர்றேன், நீ இவனைப் பிடி’ என்று குரல் கொடுக்கிறாரா? வாய் மூடி ஆடும் தடுப்பாட்டம் ஓட்டைப் பானை.

*தப்புக்குப் பிறகு மூன்று விநாடி:* பந்தைப் பறிகொடுத்ததும் தலையில் கைவைத்து நிற்கிறாரா, திரும்பித் துரத்துகிறாரா? எதை மறந்தாலும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வரிசையில் நின்று வீசும் பயிற்சியில் தெரியாது. மூன்றுக்கு இரண்டு, நாலுக்கு மூன்று என்று சின்னச் சின்ன ஆட்டமாக விட வேண்டும். அப்போதுதான் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. கூட்டாளிகளை மாற்றி மாற்றியும் விட வேண்டும். சுமாரான கூட்டாளிகள் கிடைத்த ஒரே காரணத்துக்காக ஒருவர் சுமாராகத் தெரியக் கூடாது.

கோல்கீப்பருக்குத் தனி அளவுகோல். நாலு பந்தைப் பார்த்து முடிவு சொன்னால் அது சீட்டுக் குலுக்கல்தான். நிறையப் பந்து வர வேண்டும்; பிடித்த பிறகு எங்கே வீசுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில், நடுவில் இருவர் குனிந்து பந்துக்குப் போராடும் ‘ஃபேஸ்ஆஃப்’ வேலைக்கென்றே சிலர் உண்டு. பந்தை வென்று கொடுத்துவிட்டு வெளியே ஓடிவிடுவார்கள். அவர்களிடம் ‘கோல் போடு பார்க்கலாம்’ என்பது, தவில்காரரிடம் நாகஸ்வரத்தைக் கொடுப்பது போல.

கற்றுக்கொடுக்க முடியுமா?

எல்லாக் கோச்சுக்கும் வரும் தலைவலி இது. ஒருவர் பள்ளியில் ஐந்து வருடம் ஆடியவர்; குச்சி பேசுகிறது, கால் மெதுவு. இன்னொருவர் கூடைப்பந்து ஆடியவர். மான் போல ஓடுகிறார், பந்துதான் வலையில் நிற்கவில்லை. யாரை எடுப்பது?

அமெரிக்கக் கால்பந்தின் சிகரமாகச் சொல்லப்படும் ஜிம் பிரவுன், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து, தடகளத்தோடு லாக்ராஸும் ஆடினார். 1957-ல் 10 ஆட்டத்தில் 43 கோல். இதைக் காட்டி ‘நல்ல விளையாட்டு உடம்பு இருந்தால் போதும்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால், பிரவுன் லாங் ஐலண்டின் மான்ஹாசெட் பள்ளியிலேயே குச்சி பிடித்தவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நல்ல வழி ஒன்று இருக்கிறது. முதல் நாள் எல்லோருக்கும் புதிதாக ஒரு சின்ன விஷயம் சொல்லிக்கொடுங்கள். இரண்டாம் நாள் அதைச் செய்யச் சொல்லுங்கள். ராத்திரி யார் அதை யோசித்தார்கள் என்று தெரிந்துவிடும். அணியில் இருக்கப்போவது மாதக்கணக்கில். இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்பதைவிட, எவ்வளவு வேகமாக நகர்கிறார் என்பது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. இரக்கப்பட்டு எடுப்பது எப்போதும் நல்லது இல்லை. இது மோதும் ஆட்டம், பந்து கல் மாதிரி வரும். தயாராகாதவரைக் களத்தில் இறக்கினால் அடிபடுவது அவர்தான். பெஞ்சிலேயே வருடம் முழுக்க உட்காரவைக்கக் கட்டணம் வாங்குவதும் நியாயம் இல்லை.

‘வேண்டாம்’ என்பதை எப்படிச் சொல்வது?

அறிவிப்புப் பலகையில் எண்களை ஒட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால், மூன்று நாள் வியர்வை சிந்தியவருக்கு மூன்று நிமிடம் கடன்பட்டிருக்கிறோம். நேரில், தனியாக, ஒரே ஒரு உண்மையான காரணத்தோடு சொல்ல வேண்டும். ‘போட்டி கடுமையாக இருந்தது’ என்பது காரணம் இல்லை. ‘உன் இடது கை இன்னும் வரவில்லை, சுவர்ப் பயிற்சி செய், ஜனவரியில் வா’ என்பது காரணம். அதைக் கேட்டவர் அழுதுகொண்டே போகலாம். ஆனால், என்ன செய்வதென்று தெரிந்துகொண்டு போவார்.

தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு: உடம்பைத் தயார் செய்துகொண்டு போங்கள், மூச்சு வாங்கினால் தெரிந்த வித்தையும் வராது. சிதறிய பந்துகளை யாரும் சொல்லாமலே பொறுக்கிப் போடுங்கள், யாராவது பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பெற்றோருக்கு ஒரே வரி: தயவுசெய்து கோச்சுக்கு போன் செய்யாதீர்கள்.

பள்ளி அணியோ கல்லூரி அணியோ, உங்களை யாராவது சரியாக எடைபோட்ட, அல்லது பார்க்கவே தவறிய அனுபவம் உண்டா? எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.