வடக்கன் என்று விரல் நீட்டுவோர்க்கு

பல்லடத்துக் கடைவீதியில் ஒரு பேச்சு பழகிப்போயிற்று. பூட்டு உடைந்தாலும், நகை போனாலும், உயிரே போனாலும், "வடக்கன் வேலை" என்று தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. விசாரணை பிறகுதான். இவ்வாறு தீர்ப்பளிப்போருள் நம் மஹல்லாவாசிகளும் இருக்கின்றனர். அதனாலேயே இதனை எழுதலானோம்.

நடந்தவை என்ன? 2023 செப்டம்பர் 3 ஆம் நாள் கள்ளக்கிணற்றில் ஒரே குடும்பத்தினர் நால்வர் வெட்டுண்டு மாண்டனர். இங்கே அமர்ந்து குடிக்காதீர் என்று தட்டிக் கேட்டதில் மூண்ட தகராறு அது. பிடிபட்டோர் தமிழர். 2024 நவம்பர் இறுதியில் சேமலைக்கவுண்டன்பாளையத்துத் தோட்டத்து வீடொன்றில் முதிய பெற்றோரும் மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டனர். தனிப்படைகள் பல அமைத்தும் மாதக்கணக்கில் துப்புத் துலங்கவில்லை. 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே மற்றொரு முதிய தம்பதி அவ்வாறே கொலையுண்டது தெரிந்த பின்னரே சிலர் கைதாயினர். அவர்கள் ஈரோடு மாவட்டத்து அரச்சலூர்ப் பக்கத்தவர். பல்லடத்துக் கொலையும் அவர்கள் செய்ததே என்றனர் போலீஸார். குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய இடம் நீதிமன்றம், அது இருக்கட்டும். விரல் நீட்டியோர் அன்று எத்திசையில் நீட்டினர், கைவிலங்கு எத்திசையில் பூட்டப்பட்டது என்பதையே நாம் கேட்கிறோம்.

வடமாநிலத்தாரில் குற்றவாளியே இல்லையா என்பர். உண்டு. திருடியவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள். ஊர் பேர் கேட்டுப் பதிவு செய்வதும் தவறன்று. ஒருவன் செய்ததற்கு ஓர் இனத்தையே குறுக்கு விசாரணை செய்வதுதான் அநீதி. அதன் சுவை நமக்குத் தெரியாததா? 2009 வரை பல்லடம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொலையுண்டதும், தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டதும், 1998 பிப்ரவரி 14 இல் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் பறிபோனதும் நாம் மறக்கத் தக்கவையல்ல. பாதகம் புரிந்தோர் சிலர். சோதனைச் சாவடியோ கோட்டைமேட்டார் அனைவருக்கும். பெயரைச் சொன்னால் வாடகைக்கு வீடில்லை என்ற நிலையை அனுபவித்த சமுதாயம், இன்று தன் லைன் வீட்டில் குடியிருக்கும் பீஹார்ப் பையனை அதே கண்ணால் பார்ப்பது எந்த நியாயம்? 2023 மார்ச்சில், வடவர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காட்சிகள் பரப்பப்பட்டபோது, உண்மை அறிய பீஹார் அதிகாரிகளே திருப்பூருக்கு வந்து பார்க்க நேர்ந்தது. தறியும் பனியன் கம்பெனியும் அவர்களின்றி ஓடா என்பது அப்போது எல்லார்க்கும் நினைவு வந்தது. பயம் தெளிந்ததும் மறந்தும் போயிற்று.

அரபு மொழியில் அம்னு என்றால் அச்சமின்மை. ஈமானும் அமானத்தும் அதே மூவெழுத்து வேரில் கிளைத்த சொற்கள். அண்டை வீட்டான் தன்னைக் குறித்து அஞ்சும்படி வாழ்பவனுக்கு ஈமான் இல்லை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவுக் காவல் புரிந்ததை நம் மேடைகளில் முழங்காதவர் இல்லை. வெளியூர் வணிகர் கூட்டமொன்று மதீனாவில் வந்து தங்கிய இரவில், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களையும் அழைத்துச் சென்று கலீஃபா விழித்திருந்தார்களே, எதற்காக? அந்நியரிடமிருந்து ஊரைக் காக்கவா? அந்நியரின் உடைமை களவு போகாமல் காக்க! இவ்வளவையும் பயானில் கேட்டுவிட்டு, ஜும்ஆவில் பின்வரிசையில் நிற்கும் வங்காளத்து முஸ்லிமின் பெயரைக்கூட அறியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுகிறோம். (மதுரைக்காஞ்சியும் நள்ளிரவில் உறங்காத ஊர்க்காவலரைக் காட்டுகிறது, காவலைச் சிறப்பித்தலில் தமிழ் எவர்க்கும் பின்தங்கியதன்று.)

போலீஸாரிடமும் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரி 24 அன்று இரவு பல்லடம் வட்டாரத்துத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், தம்மைச் சிலர் பின்தொடர்கின்றனர் என்று தொலைபேசியில் காவல்துறையை மீண்டும் மீண்டும் அழைத்தார். அரிவாள் வந்து சேர்ந்தது. காவல் வந்து சேரவில்லை. உயிர் தப்பினார் என்பது அல்லாஹ்வின் கிருபை. அந்த உரையாடலின் ஒலிப்பதிவைத் தமிழகமே கேட்டது. செய்தியாளருக்கே இந்தக் கதி எனில், மொழி தெரியாத தறிக்காரன் யாரை அழைப்பான்? முறையிடவாவது இடமுண்டா? போலீஸார் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 இல் பணித்தது. 2013 இல் தமிழகம் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கி, போலீஸ் உயரதிகாரிகளையே உறுப்பினராக அமர்த்தியது. மருமகளின் முறையீட்டை மாமியார் வீட்டார் கூடி விசாரிப்பது போல!

ஜமாஅத்துகள் செய்யக் கூடியது உண்டு. கேமரா மாட்ட வசூல் செய்யும் முத்தவல்லிகள், லைன் வீடுகளுக்கு நேரில் சென்று அங்குள்ளோரின் பெயரையும், ஊரில் அவர்தம் வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கட்டும். தங்கள் எண்ணையும் எழுதிக் கொடுக்கட்டும். நள்ளிரவில் அந்த எண் ஒலித்தால் எடுத்துப் பேச, ஹிந்தியோ வங்காளமோ அறிந்த ஒருவரை அமர்த்தட்டும். காவல் நிலையத்திற்கு அவர்களுள் ஒருவன் போக நேர்ந்தால், உடன் செல்ல உள்ளூரார் இருவர் வேண்டும். இந்த ரமளானில் இஃப்தார்க் கஞ்சி ஊற்றும் இளைஞர்களிடமே இப்பணியை ஒப்படைக்கலாம். அவர்களுக்கு அந்தத் தெருக்கள் ஏற்கெனவே தெரியும்.