வேஷம் கட்டிய மாளிகைகள்

விடுமுறை வந்ததும் குடும்ப சமேதராய்க் காரில் கிளம்பி, சரித்திரப் பிரசித்தி பெற்ற கோட்டைகளையும் அரண்மனைகளையும் சுற்றி வருகிற வழக்கம் நம்மவரிடையே பெருகி வருகிறது. ஆயினும் அப்படிச் செல்வோரில் பலரை அங்கே இழுத்துச் செல்வது, கட்டிய மன்னரின் கீர்த்தியன்று, அந்த மண்டபங்களில் ஆடிப் பாடிய நட்சத்திரங்களின் ஞாபகமே. இதை இழிவென்று ஒதுக்கும் பண்டிதர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1995-ல் வெளிவந்த ‘பம்பாய்’ படத்தின் கல்யாண வீட்டுப் பாட்டு எங்கே எடுக்கப்பட்டது என்று திருமலை நாயக்கர் மகாலில் தூண் தூணாகத் தேடும் இளைஞன், 1636-ல் எழுந்த அம்மாளிகையின் பெரும்பகுதியை மன்னரின் பேரர் சொக்கநாதரே பிரித்தெடுத்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு போனார் என்பதையும், எஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு பழுது பார்த்துக் காப்பாற்றினார் என்பதையும் தெரிந்துகொண்டு திரும்புவானாயின், அவனை அங்கே அழைத்து வந்த சினிமாவுக்கு நாம் நன்றி சொல்லவே கடமைப்பட்டவர்கள்.

என் ஆட்சேபம் வேறு. சினிமா ஓர் இடத்தைக் காட்டுகிறதே தவிர, அதன் பெயரைச் சொல்வதில்லை. அதே படத்தில், திருநெல்வேலிச் சீமைக் கதைக்குள் கடலோரக் கோட்டையாக வந்து மழையில் நனைகிற அந்தச் செம்பூராங்கல் கொத்தளம், உண்மையில் கேரளத்துக் காசர்கோட்டை அடுத்த பேக்கல் கோட்டை. பதினேழாம் நூற்றாண்டில் கேளடி நாயக்கர்கள் எழுப்பியது. பத்மநாபபுரம் அரண்மனையோ, நம் கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணில் நின்றுகொண்டு, இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான அதன் மர வேலைப்பாட்டைப் போல் இன்னொன்றைக் காண்பது அரிது. ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் சில பகுதிகள் அங்கே எடுக்கப்பட்டதனால், நாட்டியக்காரியின் ஆவி உலவிய அறை எது என்று கேட்போர் உண்டு. மார்த்தாண்ட வர்மர் யார் என்று கேட்போர் எத்தனை பேரோ! நடிகருக்கும் ஒப்பனைக்காரருக்கும் தலைப்பிலே இடம் தருகிற தயாரிப்பாளர்கள், தம் படத்துக்கு வேஷம் கட்டி நடித்த கோட்டைக்கும் அதன் சொந்தப் பெயரோடும் ஊரோடும், படிக்கும்படியான எழுத்தில், ஒரு வரி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? படப்பிடிப்புக்கு அனுமதி தரும் இலாகாக்கள் இதை ஒரு நிபந்தனையாகவே விதிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. சினிமாவுக்காகச் சில நாள் இரவல் தந்த இடங்களுக்கு இவ்வளவு ஜனக்கூட்டம் போக, சினிமாவே பிறந்து வளர்ந்த இடங்களை நாம் ஏறக்குறைய அழித்துவிட்டோம். வாசனின் ‘சந்திரலேகா’வை 1948-ல் உலகுக்குத் தந்த ஜெமினி ஸ்டூடியோ போய்விட்டது; அண்ணா மேம்பாலம் என்று அரசாங்கம் பெயர் சூட்டிய பாலத்தை இன்னமும் ஜெமினி என்றே சொல்லும் சென்னைவாசிகளின் நாக்கில்தான் அது உயிரோடு இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு விரைகிற கார்களில் எத்தனை, மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவுக்கு எதிரே ஒரு நிமிஷம் நிற்கின்றன? டி. ஆர். சுந்தரம் அங்கே அமைத்த அந்தப் பெரிய ஸ்தாபனத்திலிருந்துதான், கருணாநிதி வசனமெழுதி எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரிகுமாரி’ 1950-லும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-லும் வெளிவந்தன. தளங்கள் இருந்த நிலத்தில் இன்று குடியிருப்புகள்.

மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’, 1938-ல், அதே ஸ்தாபனத்தின் தயாரிப்பாகவே வெளிவந்தது. பேக்கல் கோட்டையைப் பார்க்க நாம் காசர்கோடு வரை போகிறோம். தங்கள் சினிமா முதன்முதலாய்ப் பேசிய இடத்தைப் பார்க்க வேண்டுமென்று மலையாளத்து நண்பர்கள் சேலத்துக்கு வந்தால், அவர்களுக்குக் காட்ட நம்மிடம் இருப்பது அந்த வளைவு ஒன்றுதான்.