வரவறியாதவர்களா வாவிக்கரைப் பெண்கள்?

மட்டக்களப்பில் நுண்கடன் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள் பலரிடம் ஒரு தீர்ப்புத் தயாராக இருக்கிறது: "வரவறிஞ்சு செலவழிக்கத் தெரியாததுகள், லோனை எடுத்து போனும் டிவியும் வாங்கிப்போட்டு, இப்ப கம்பனியைத் திட்டுதுகள்." கருத்தரங்கு மேடையில் இதே தீர்ப்பு இஸ்திரி போட்ட உடுப்போடு வரும், அங்கே அதற்குப் பெயர் நிதி அறிவூட்டல். ஒரு நாள் பயிற்சி, ஒரு வரவு செலவுக் கொப்பி, தேநீர், குழுப் புகைப்படம். கடன்பட்டவளின் அறியாமைதான் கடனுக்குக் காரணம் என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பிழையானது. கடன் பத்திரத்தையும் வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெரியும்.

பத்திரத்திலிருந்தே தொடங்கலாம். 50,000 ரூபாய் கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 52 கிழமைக் கட்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய். கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் சேர்ந்து திரும்பிப் போகிறது. வருடம் முழுவதையும் சராசரி பார்த்தால் அவள் கையில் நின்ற கடன் 25,000 சொச்சம்தான்; வட்டியோ முழு 50,000க்கும் கணக்கிட்டு வாங்கப்படுகிறது. உண்மையான வட்டி வீதம் 44ஐத் தொடும். பத்திரச் செலவு, காப்புறுதி என்று 2,000 ரூபாயை முதலிலேயே கழித்துக்கொண்டால் 50ஐத் தாண்டும். 2022இல் கடன் அட்டை வட்டி 36 வீதத்துக்கு ஏறியபோது கொழும்பின் மாதச் சம்பளக்காரர்கள் கொதித்தார்கள். அது நியாயமான கொதிப்பு. அதைவிடக் கூடிய வட்டியைக் கட்டும் மட்டக்களப்பின் பட்டிப்பளைப் பெண்ணுக்கு மட்டும் சிக்கனப் பாடம் எதற்கு? 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, 220 வீதம் வரை வட்டி அறவிடப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். அந்த வட்டிக்கு எந்தக் கொப்பியில் வரவு செலவு எழுதி ஈடுகட்டுவது?

அடுத்தது வயல். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பெரும்போக வெள்ளாமை ஐப்பசியை ஒட்டி விதைக்கப்பட்டு, மாசி பங்குனியில்தான் காசாகிறது. இடைப்பட்ட மாதங்களில் மழை கொட்டும், வாவி பெருகும், கடலுக்கும் போகேலாது, கூலி வேலையும் படுத்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தைப்போல் ஒன்று வந்தால் மாசிக்கும் ஒன்றுமில்லை. ஆனால் கட்டுக் காசை அறவிட வரும் கம்பனிக்காரருக்குப் போகமும் இல்லை, வெள்ளமும் இல்லை. கிழமைக்குக் கிழமை அவர் வந்து குந்துவார். கடன் குழுவாகக் கொடுக்கப்படுவதால், அதில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும். கணக்குச் சரியாகும்வரை ஒருவரும் எழும்ப முடியாது. அந்த முற்றத்தில் மானத்தைக் காப்பாற்ற அவள் தோட்டை அடகு வைக்கிறாள், சீட்டைத் தள்ளி எடுக்கிறாள், கடைசியில் இரண்டாவது கம்பனியில் எடுத்து முதலாவதற்குக் கட்டுகிறாள். எந்தக் கட்டு எந்த நாள், யாருக்கு எவ்வளவு, எந்த நகை எங்கே என்றெல்லாம் மனதிலேயே வைத்திருப்பவளைக் கணக்குத் தெரியாதவள் என்பது வேடிக்கை.

"ஆரும் கழுத்தைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கேல்லையே" என்பார்கள். உண்மைதான். அவளுக்கு முன்னிருந்த மாற்றுவழி மீட்டர் வட்டிக்காரன் என்பதும் உண்மை. சிறு கடனை வீடு தேடிச் சென்று அறவிடச் செலவு கூட என்று கம்பனிகள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 44 வீதத்துக்கு மேல் இலாபம் தரும் இடியப்பக் கடை எது, கோழி வளர்ப்பு எது? அதைக் கேட்காமல் கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா? தொழிலுக்கென்று எடுத்து வீட்டில் போட்டாள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது இந்த மண்ணின் வழமை. அந்த வழமையோடு சண்டை பிடிக்க விரும்புவோர் பிடிக்கட்டும், அது வேறு கட்டுரை. ஆடம்பரம் என்று மட்டும் சொல்லவேண்டாம். ஊதாரிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள், எல்லா ஊரிலும் இருப்பதுபோல. ஆனால் இந்தியாவின் ஆந்திரத்தில் 2010இல் இதே நெருக்கடி வெடித்து அரசு அவசரச் சட்டம் கொண்டுவரவேண்டி வந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் கடனை நீக்கக் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களப் பெண்கள். இத்தனை ஊர்ப் பெண்களும் ஒரே காலத்தில் ஊதாரிகளாகிவிட்டார்களா?

பயிற்சி பயன் தருமா என்பதையும் ஆய்ந்திருக்கிறார்கள். முன்னைய 200 அளவிலான ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் நிதிக் கல்வியால் விளக்கக்கூடியது 0.1 வீதம்தான் என்றது. ஏழைகளிடம் அந்தப் பயன் இன்னும் குறைவாம். பயிற்சியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். உண்மை வட்டியைக் கணக்கிடவும், பழைய கடனுக்காகப் புதுக் கடன் எடுக்காமல் தவணையை மாற்றித் தரும்படி கேட்கவும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நல்லதுதான். ஆனால் மாற்றித் தரவேண்டியவர் வகுப்புக்கு வெளியே இருக்கிறார்.

2018இல் அரசு 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையிலிருந்த, ஒரு இலட்சத்துக்குக் குறைந்த கடன்களை நீக்க முன்வந்தது. தோட்டை விற்றுத் தவறாமல் கட்டியவளுக்கு அதில் இடமில்லை. பின்னர் மத்திய வங்கி விதித்த 35 வீத உச்ச வரம்பும் அதன் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களைத்தான் கட்டியது. பதிவில்லாமல் படலையடிக்கு வந்தவரைக் கட்டவில்லை. செய்யவேண்டியது வேறு: உண்மை வட்டியைத் தமிழில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடு. வெள்ளாமைக்காரியின் தவணையை அறுவடைக்கு வை. வரம்பு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பயிற்சிக்கென்று ஒதுக்கும் காசில் ஒரு பகுதி, இவை நடக்கின்றனவா என்று கிராமம் கிராமமாகப் போய்ப் பார்ப்பவருக்குச் சம்பளமாகப் போகலாம்.