சர்க்கரை வியாதியும் சரடு திரிப்போரும்

நம் நாட்டில் மற்ற வியாதிகளுக்கு இல்லாத ஒரு யோக்கியதை சர்க்கரை வியாதிக்கு உண்டு. அதாவது, அதை அடியோடு தீர்த்துவிடுவதாகச் சொல்லுகின்றவர்கள் தெருவுக்கு நாலு பேர். பூர்வ ஜென்மப் பாவம் என்பான் ஒருவன். பரிகாரம் செய்தால் போகும் என்பான் மற்றொருவன். நாற்பத்தெட்டு நாள் லேகியத்தில் வேரோடு ஒழியும் என்பான் மூன்றாமவன். இவர்களிடம் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மாத்திரம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் நாம் நாஸ்திகர்கள்!

இது விளையாட்டுச் சங்கதியல்ல. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான கணக்கின்படி, இந்தியாவில் இவ்வியாதியுள்ளோர் சுமார் 10 கோடிப் பேர். கண், சிறுநீரகம், கால் ஆகியவைகளை ஓசையில்லாமல் தின்னும் வியாதி இது. வலி தெரியாததால்தான் புரட்டுக்காரனுக்கு இதில் இவ்வளவு வசதி. "உடம்பு இலேசாக இருக்கிறதா?" என்று கேட்பான். "இருக்கிறது" என்போம். "பார்த்தாயா!" என்று பணத்தை வாங்கிக் கொள்வான்.

இப்பொழுது அந்தப் பிழைப்பில் மண் விழும்படியான ஒரு கருவி வந்திருக்கின்றது. சென்சார் என்று சொல்லப்படும் இது, ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிறு வில்லை. மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டால், மயிர் போன்ற ஓர் இழை தோலுக்கடியில் நிற்கும். அங்குள்ள நீரில் எவ்வளவு சர்க்கரை இருக்கின்றதென்று அளந்து, சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் செல்போனுக்குச் சொல்லும். ஒரு வில்லை பத்துப் பதினான்கு நாள் வேலை செய்யும். விரலைக் குத்திப் பார்ப்பது அந்த ஒரு நிமிஷத்தைத்தான் காட்டும். ஆஸ்பத்திரியில் பார்க்கும் மூன்று மாதச் சராசரியோ ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். இதுவோ இராத்திரி தூங்கும்போது நடப்பதையும் சொல்லும். இன்சுலின் போட்டுக் கொள்ளும் குழந்தைக்கு நடுநிசியில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், மணியடித்துத் தாயை எழுப்பும்படியும் செய்து கொள்ளலாம். எந்தக் குலதெய்வம் இதுவரை இப்படி எழுப்பிற்று என்று கேட்கின்றோம்.

தோழர்களே! கருப்பட்டிக் காப்பியால் சர்க்கரை ஏறாது என்கிறார்களே, குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் தோஷமில்லை என்கிறார்களே, அதையும் பாருங்கள். சாப்பிட்ட பின் கால் மணி நேரம் நடந்தால் எண் என்ன ஆகின்றதென்றும் பாருங்கள். பெரியோர் சொன்னார், பத்திரிகையில் வந்தது, நாம் எழுதினோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் கையிலேயே சாட்சி இருக்கின்றது.

ஆனால், ஒன்றை எச்சரிக்கின்றோம். வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு யாரும் இப்பரீட்சையில் இறங்க வேண்டாம். முதல் வகை நீரிழிவுக்காரர் லேகியத்தை நம்பி இன்சுலினை விட்டால் சில நாட்களிலேயே உயிர் போகும். லேகியம் தின்று எண் இறங்கினாலும் ஏமாறாதீர்கள். இங்கிலீஷ் மாத்திரையைப் பொடித்துக் கலந்த "மூலிகைகள்" பரிசோதனைகளில் பிடிபட்டதுண்டு. இவ்வியாதியைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே குற்றமென்று 1954-லேயே சட்டம் ஏற்பட்டிருந்தும், சுவரெல்லாம் எதை விளம்பரம் செய்கின்றன?

நிற்க. புரட்டுக்காரனை விட்டுக் கருவியைக் கும்பிடத் தொடங்கினால் அதுவும் மூடநம்பிக்கையே. சென்சார் இரத்தத்தை நேராக அளப்பதில்லை. ஆகையால் அதன் எண் இரத்தத்திற்குச் சில நிமிஷங்கள் பின்தங்கியே வரும். அதன்மேல் அழுந்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். உடம்பு நடுங்குகின்றது, வியர்க்கின்றது, ஆனால் கருவி சரியென்கின்றது என்றால், உடனே விரலைக் குத்திப் பார்ப்பதே அறிவு. தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லிக் கைக்கடிகாரமும் மோதிரமும் விற்கின்றார்கள். அவற்றை நம்ப வேண்டாமென்று அமெரிக்க அரசாங்க மருந்து இலாகாவே 2024-ல் எச்சரித்தது. நோயில்லாத பணக்காரர் இட்டிலிக்கு எவ்வளவு, தோசைக்கு எவ்வளவு என்று வேடிக்கை பார்க்க இதை ஒட்டிக் கொள்வதும் வியாபாரிக்கு இலாபமே தவிர வேறல்ல.

வேடிக்கை பார்ப்பவனுக்குக் கிடைக்கின்றது. உயிருக்குப் போராடுகிறவனுக்கோ எட்டாக்கனி! இரண்டு வாரத்திற்குச் சில ஆயிரம் ரூபாய் என்றால், கூலிக்காரன் பிள்ளைக்கு எங்கே போவான்? 1921-ல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டவர்கள், 1923-ல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குச் சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களது யோக்கியப் பொறுப்பு எங்கே, இன்றைய இலாப வேட்டை எங்கே? இங்கிலாந்தில் முதல் வகை நீரிழிவுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் இக்கருவியைக் கொடுக்க வேண்டுமென்று 2022-ல் அங்குள்ள வைத்திய வழிகாட்டும் ஸ்தாபனம் சொல்லியிருக்கின்றது. நம் நாட்டிலும் 2021-ல் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தால் சர்க்கரை மாத்திரையைக் குடிசை வாசல்வரை கொண்டுபோக முடிந்தது. வழி இல்லாமலில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் என்று நாம் கேட்கவில்லை. இன்சுலின் இன்றி வாழ முடியாத குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கட்டும்.

கோவில் உண்டியலில் போடும் பணத்திற்கும், லேகியக்காரனிடம் கொட்டும் பணத்திற்கும் கணக்குப் பாருங்கள். பிறகு உங்கள் உடம்புக்கும் கணக்குக் கேளுங்கள். கணக்குக் காட்ட மறுக்கின்றவன் சாமியாராயினும் சரி, வியாபாரியாயினும் சரி, அரசாங்கமாயினும் சரி, அவனை நம்பாதீர்கள் என்பதே நாம் சொல்லுவது.