தீண்டாச்சேரிக்கு ஒரு பலகை

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் இதுவரை கோயிலைப் பார்ப்பார்கள், சிங்கக் கிணற்றருகே நின்று படம் எடுப்பார்கள், பேருந்து ஏறிவிடுவார்கள். இனி அப்படி இருக்காது. ஏறத்தாழ 22 கோடி ரூபாயில் புதிய அருங்காட்சியகம் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. சோழகங்கம் என்கிற பொன்னேரியைச் சீரமைக்கவும் சுற்றுலா வசதிகள் செய்யவும் ஏறத்தாழ 19 கோடி என்று 2025 ஜூலையில் இன்னோர் அறிவிப்பு வந்தது. அதே மாதம் 27ஆம் தேதி ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரும் வந்து போனார். ஏரிக்கரையை அழகுபடுத்தினால் அடுத்த பேச்சு படகாகத்தான் இருக்கும். காலையில் அருங்காட்சியகம், மாலையில் தண்ணீரில் ஒரு சுற்று. உலகம் முழுக்கப் பழைய நகரங்களில் விற்கப்படுகிற சுற்றுலா இதுதான்.

நான் இதற்கு எதிரி அல்ல. உடையார்பாளையம் தாலுகாவில் முந்திரிக்கொல்லைக் கூலியும் செங்கல் சூளையும் விட்டால் நம் பிள்ளைகள் திருப்பூருக்கோ சென்னைக்கோதான் பஸ் ஏறுகிறார்கள். நாலு பேருக்கு உள்ளூரில் வேலை கிடைத்தால் நல்லதுதான். என் கவலை வேறு. அந்த அருங்காட்சியகத்தின் சுவரில் எழுதப்போகிற வாசகங்களை இப்போது யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை எழுதி மாட்டிய பலகையை அரசாங்கம் முப்பது வருடத்துக்குக் கழற்றாது. அதில் நாம் இருக்கிறோமா?

'நாம்' என்று நான் சொல்வதற்கு ஆதாரம் கல்லிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருமானம் தரும் ஊர்களின் நிலக்கணக்கு நீளமாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி இல்லாத நிலம் எவ்வளவு, கழித்தது போக மீதி எவ்வளவு என்று கணக்கு. கழிக்கப்படுகிற பட்டியலில்தான் ஊர்நத்தம் வருகிறது, குளம் வருகிறது, வாய்க்கால் வருகிறது, சுடுகாடு வருகிறது. கூடவே கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி வருகின்றன. பறையருக்குத் தனிச் சுடுகாடு வருகிறது. உழவு வேலை செய்த பறையர் இருந்த கீழைச்சேரி, மேலைச்சேரி வருகின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ராஜராஜன் கட்டிய கோயிலின் சுவரில்.

இந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். ஒரு வேலி நிலத்தின் 5,000 கோடியில் ஒரு பங்கு வரைக்கும் பின்னம் போட்டு அளந்த கணக்கு அது. அவ்வளவு நுணுக்கமான நிர்வாகத்தைப் பார்த்து வரலாற்றுப் பேராசிரியர்கள் வியக்கிறார்கள், வியக்கத்தான் வேண்டும். ஆனால் நம் முன்னோர் அந்த ஆவணத்துக்குள் நுழைந்தது எதனால்? அவர்களைப் போற்றுவதற்காக யாரும் கல்லில் வெட்டவில்லை. அவர்கள் குடியிருந்த துண்டு நிலத்துக்கு வரி கிடையாது, அதைக் கழித்தால்தான் கணக்கு நேராகும் என்பதற்காக வெட்டினார்கள். நாம் வரலாற்றில் கழித்தல் குறியோடு நுழைந்தோம். (எம்.ஏ. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் சிரித்தார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.)

சோழர்காலக் கல்வெட்டுகளில் வருகிற பறையர் எல்லோரும் ஒரே நிலையில் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் விவாதம் உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளுக்காக வாழ்நாளைக் கொடுத்த ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா, தீண்டாமை பற்றிய கல்வெட்டுச் சான்றுகளைத் தனியாகவே எடுத்து எழுதியிருக்கிறார். விவாதம் அளவைப் பற்றியது, எப்போது தொடங்கியது, எப்படி இறுகியது என்பதைப் பற்றியது. சேரி தனியாக இருந்தது என்பதில் விவாதம் இல்லை.

இதைப் பேசினால் என்ன நடக்கும் என்பது நம் பக்கத்திலேயே நடந்தது. 2019 ஜூனில் இயக்குநர் பா.ரஞ்சித், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் திருப்பனந்தாளில் ஒரு கூட்டத்தில் ராஜராஜன் ஆட்சியைத் தலித் மக்கள் பார்வையிலிருந்து விமர்சித்தார். காவல்துறை வழக்குப் பதிந்தது. அவர் உயர்நீதிமன்றம் போய் முன்ஜாமீன் வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் நிலம் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் கல்வெட்டை வைத்து நிறுவ முடியுமா என்று கேட்கலாம், கேளுங்கள். ஆனால் மேடையில் ஒருவர் பேசியதற்கு வழக்கு என்றால், கோயில் சுவரிலேயே எழுதியிருப்பதற்கு யார் மேல் வழக்குப் போடுவது? அதனால்தான் இந்தச் செய்தி மேடையைவிட அருங்காட்சியகத்தில் இருப்பது முக்கியம் என்கிறேன். மேடைப் பேச்சு நமது கருத்து ஆகிவிடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பலகை, தகவல் ஆகிவிடுகிறது.

மாலைநேரப் படிப்பு மையப் பிள்ளைகளை ஒருமுறை கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போனேன். கோயிலைச் சுற்றிவிட்டு மாளிகைமேட்டுக்கும் நடந்தோம். அங்கே அகழ்வாய்வில் வெளிவந்த அரண்மனைச் செங்கல் சுவரைக் காட்டினேன். கூரை ஓடுகள் கிடைத்ததை, சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இது ராஜா வீடு. நம்ம தெரு அப்ப எங்க இருந்துச்சு?" அந்தக் கேள்விக்கு அங்கே இருந்த எந்தப் பலகையிலும் பதில் இல்லை. நான் வாயால் சொன்னேன். அரியலூர் மாவட்டத்தின் அத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூடவே போய்ச் சொல்ல என்னால் முடியாது.

சுற்றுலா வருகிறவன் சந்தோஷமாக இருக்க வருகிறான், அவனிடம் போய்ச் சாதியைப் பேசலாமா என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். மெர்சி ஆற்றங்கரைத் துறைமுகம். 18ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அமெரிக்கக் கண்டத்துக்கு அடிமைகளாக ஏற்றிப்போன கப்பல்களுக்குத் தலைமை ஊர். லிவர்பூல் கப்பல்கள் மட்டும் ஏறத்தாழ 15 லட்சம் பேரை ஏற்றிப் போயின என்பது கணக்கு. அந்தக் கப்பல்களைப் பழுதுபார்த்த துறைகளுக்குப் பக்கத்திலேயே, 2007 ஆகஸ்ட் 23ஆம் தேதி சர்வதேச அடிமைமுறை அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்த 1807-இன் 200ஆவது ஆண்டு அது. பயணிகள் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் நடந்து போய் மெர்சி ஆற்றில் உல்லாசப் படகு ஏறுவார்கள். அதே ஆறு. இப்போது விரிவுபடுத்துவதற்காக அருங்காட்சியகத்தை மூடி வேலை நடக்கிறது. உண்மையைச் சொன்னதால் லிவர்பூலுக்குப் போகிற கூட்டம் குறையவில்லை. ஒரு நகரம் தன் செல்வம் எங்கிருந்து வந்தது என்று தானே எழுதி மாட்டியதைப் பார்ப்பதற்கென்றே போனவர்கள் உண்டு.

அடிமைக் கப்பலும் சேரியும் ஒன்றல்ல, தெரியும். லிவர்பூலில் ஒரு வணிகம் நடந்து முடிந்தது. இங்கே சேரி முடியவில்லை. அந்த வேறுபாடு நம் வாதத்துக்கு வலுத்தான் சேர்க்கிறது.

இனி ஏரி. ராஜேந்திரன் கங்கை நீரைக் கொண்டுவந்து, நீராலேயே ஆன வெற்றித்தூணாக சோழகங்கத்தை நிறுவினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று, உடையார்பாளையம் தாலுகாவில் தெற்கு வடக்காக 16 மைல் நீளத்துக்கு ஒரு கரை கிடப்பதாக எழுதுகிறது. கொள்ளிடத்திலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். 16 மைல் கரைக்கு மண் எப்படி வந்தது? கூடை வைத்துத் தலையில்தான் வந்தது. வெட்டி என்பது சோழர் கல்வெட்டுகளில் கூலி இல்லாத கட்டாய வேலைக்கு வழங்குகிற சொல். வெட்டிவேலை என்று இன்றைக்கும் சொல்கிறோம், வெட்டியான் என்று ஒரு சாதிக்காரரை இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். செப்பேடு அரசனைப் பாடியது, மண் சுமந்தவர்களைப் பாடவில்லை. படகில் போகிற பயணிக்கு இந்தச் சொல்லின் கதையையாவது சொல்ல வேண்டாமா?

ஏழை சனங்களின் பெயர் இந்த ஊர்ப் பதிவில் வருகிற இடம் ஒன்று உண்டு, அதுவும் தண்டனையோடுதான். 1836-இல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுக்கப் பார்த்தார்கள். தடுத்தவர்களைத் தண்டித்தார்கள் என்றும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள் என்றும் அந்தக் காலக் குறிப்பு சொல்கிறது. மன்னர் பரம்பரைக்கு உரிமை கொண்டாடி ஆடி மாதம் பேனர் வைக்கிற சாதிச் சங்கங்கள் எதுவும் இந்த மக்களுக்காக ஒரு பேனர் வைத்து நான் பார்த்ததில்லை. அருங்காட்சியகத்தில் வைக்கலாம். நல்ல கதை அது.

படகு என்று வந்தால் அரசியல் இன்னும் கீழே, மதகில் இருக்கிறது. பொன்னேரி பாசன ஏரி. படகு ஓட ஆழம் வேண்டும், வயலுக்குத் தண்ணீர் விட மதகைத் திறக்க வேண்டும். இரண்டும் மோதுகிற மாதம் ஒன்று வரும். அப்போது கடைசியில் தண்ணீர் எட்டுவது கடைமடைக்கு. எங்கள் பக்கம் கடைமடைத் துண்டு நிலங்கள் யாருடைய கையில் இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன்பாசிக் குத்தகை யாருக்குப் போகிறது, கரையில் மாடு மேய்க்கிறவர்களைச் சுற்றுலா வேலி எங்கே தள்ளும் என்பதையெல்லாம் திட்ட அறிக்கை வரும்போதே கேட்டுவிட வேண்டும். படகு வந்த பிறகு கேட்டால் 'வளர்ச்சிக்கு எதிரி' என்பார்கள்.

வேலை விஷயமும் அப்படியே. ராஜேந்திரன் எங்கிருந்து தண்ணீர் கொண்டுவந்தானோ அந்தக் கங்கையில், காசியில், தலைமுறைகளாகப் படகோட்டுகிறவர்கள் நிஷாத் சமூகத்தார். 2018-இல் அங்கே சொகுசுப் படகு இறக்கியபோது எங்கள் பிழைப்பு போகிறது என்று அவர்கள் போராடினார்கள். இங்கே நமக்குப் பறிபோவதற்குப் படகுத் தொழில் கிடையாது. ஆனால் புதிதாக வருகிற வேலையில் நம் பங்கு என்ன என்று தொடக்கத்திலேயே கேட்கலாம். டிக்கெட் கொடுப்பது, படகு ஓட்டுவது, கடை வைப்பது, வழிகாட்டியாக நின்று விளக்குவது எல்லாம் வேலைதான். பெருக்குவதும் கழிவறை கழுவுவதும் மட்டும் 'காலனி'க்கு என்று வந்தால் அது கீழைச்சேரியின் தொடர்ச்சிதான். 2024-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கச் சொல்கிறது. இந்த இரண்டு திட்டங்களுக்கும் அது எப்படிப் பொருந்துகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட பத்து ரூபாய்தான் செலவு. வழிகாட்டி வேலையை நான் குறிப்பாகச் சொல்வேன். வரலாறு படித்த நம் பிள்ளைகள் நான்கு பேர் அங்கே நின்றால், பலகையில் விட்டுப்போனது வாயில் வரும்.

நம் தோழர்களில் சிலர் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். அது ராஜாக்களின் கோயில், பார்ப்பனருக்குப் பிரம்மதேயம் கொடுத்தவர்களின் ஊர், நமக்கு அங்கே என்ன வேலை, புறக்கணிப்போம் என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1927-இல் மகத் குளத்துக்கு அம்பேத்கர் போனது அந்தத் தண்ணீர் ருசியாக இருக்கும் என்பதற்காக அல்ல; பொதுக்குளத்தில் நமக்கும் உரிமை உண்டு என்று நிறுவுவதற்காக. நம் வரிப்பணத்தில் எழும்புகிற அருங்காட்சியகமும் பொதுக்குளம்தான். நாம் ஒதுங்கினால் யாருக்கும் நட்டமில்லை, அங்கே சோழப் பெருமிதம் மட்டும் குறுக்கீடில்லாமல் நிற்கும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. கிராமசபை ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 தேதிகளில் கூடுகிறது. ஏரியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருக்கிறவர்கள் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மற்றவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு நாளில் கொடுங்கள், தொல்லியல் துறைக்குத் தபாலில் அனுப்புங்கள். சோழர் கால ஊர் அமைப்பைக் காட்டும் பகுதியில் சேரிகளும் தனிச் சுடுகாடும் கல்வெட்டுச் சான்றோடு இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். மதகு திறப்பது விவசாயத் தேவையைப் பொறுத்துத்தான், படகைப் பொறுத்து அல்ல என்று எழுத்தில் கேளுங்கள். வேலைப் பங்கைக் கேளுங்கள். ஆவேசமாக எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் தஞ்சைக் கல்வெட்டுகளின் மூலம் இருக்கிறது. அந்தப் பக்கங்களை நகலெடுத்து இணையுங்கள். தொல்லியல் துறையே பதிப்பித்த ஆதாரத்தை அரசு அலுவலகம் மறுப்பது சிரமம். கையில் கொடுக்கிறவர்கள் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.