சோறு போடுவது கொடைமேடைதான்

பங்குனி, சித்திரை மாதங்களில் குமரி மாவட்டத்தின் இரணியல், திங்கள்சந்தை, நெய்யூர் பக்கம் போகிறவர்கள் கோவில் கொடைவிழா பேனர்களைப் பார்த்திருப்பார்கள். இன்னிசைக் கச்சேரி பாடகரின் பெயருக்கு முன்னால் ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்று போட்டிருக்கும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒருவருக்கு என்ன தருகிறது என்று கேட்டால், அந்த அடைமொழியைத்தான் தருகிறது. சினிமா சிலரை மட்டுமே கூப்பிடும். மற்றவர்களுக்குச் சோறு போடுவது ஊர்த் திருவிழா மேடை.

கூப்பிடப்பட்டவர்கள் உண்டு. சன் டிவியின் ‘சப்தஸ்வரங்கள்’ மேடையில் பாடிய சின்மயி, 2002-இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் அறிமுகமானார். சூப்பர் சிங்கரில் பட்டம் கிடைக்காத சத்யபிரகாஷ், 2017-இல் ‘மெர்சல்’ படத்தின் ‘ஆளப்போறான் தமிழன்’ பாடியவர்களில் ஒருவர். வடக்கே அரிஜித் சிங் 2005-இல் ‘ஃபேம் குருகுல்’ போட்டியில் தோற்றார். பிறகு இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக இருந்து வேலை கற்றார். 2013-இல் ‘ஆஷிகி 2’ வந்தபோதுதான் நாடே அவரை அறிந்தது. நடுவில் கழிந்த எட்டு ஆண்டு உழைப்பு எந்தத் திரையிலும் ஓடவில்லை. பிள்ளையைக் குரல் தேர்வுக்கு அழைத்துப் போகிற பெற்றோருக்கு அதை யாரும் சொல்வதுமில்லை.

எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. போட்டியில் பெரும்பாலும் எஸ்.பி.பி.யோ ஜானகியோ பாடி முடித்த பாட்டைத்தான் பாட வேண்டும். அதே சங்கதி, அதே மூச்சு விழுந்தால் நடுவர்கள் எழுந்து கைதட்டுகிறார்கள். பிள்ளை வெளியே வரும்போது குரல் தேறியிருக்கிறது, முகம் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. தன்னுடையது என்று சொல்ல ஒரு பாட்டுகூட இல்லை. கொடைமேடையிலும் அதே பழைய பாட்டுகள்தான். அடுத்த சீசன் முடிந்ததும் பேனரில் வேறு பெயர் ஏறிவிடும். 2018-இல் சூப்பர் சிங்கரில் வென்ற செந்தில் கணேஷ் அப்படி மறையாததற்குக் காரணம், அவரும் மனைவி ராஜலட்சுமியும் அதற்கு முன்பே பல ஆண்டுகள் நாட்டுப்புறப் பாட்டு மேடைகளில் நின்றவர்கள். போட்டி அவர்களை உருவாக்கவில்லை. இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அப்படி உருவாவதற்குக் குமரி மாவட்டத்தில் இடத்துக்கா பஞ்சம்? சர்ச் பாடகர் குழுவில் கீர்த்தனை பாடிப் பழகும் பிள்ளைக்குச் சுருதியும் சேர்ந்து பாடும் ஒழுங்கும் சிறுவயதிலேயே வந்துவிடுகின்றன. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் மேலே வில்லுப்பாட்டு இருக்கிறது. வீசுகோலும் உடுக்கும் குடமும் சூழ, புலவர் மணிக்கணக்கில் கதை பாடுவார். கூட்டம் அசந்தால் அந்த இடத்திலேயே வரியை மாற்றி இழுத்துப் பிடிப்பார். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் இந்த வில்லில் காந்தியின் கதையைப் பாடித் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தார். போட்டியின் இரண்டு நிமிடச் சுற்றுக்குப் பழகிய தொண்டைக்கு இந்தப் பயிற்சி கிடைக்காது.

சாமியின் கதையைப் பாடாமல் கொடை நிறைவேறாது என்பதால் வில்லு இன்னும் பிழைத்திருக்கிறது. கூட்டமும் பெருந்தொகையும் கச்சேரிக்குப் போகின்றன. டிவியில் வந்தவரை அழைப்பது தவறில்லை. அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் இந்தத் தொழிலில் கூலி கொடுப்பவர் சென்னையில் இல்லை, நம் விழாக் கமிட்டியில் இருக்கிறார். குறைந்தது இரண்டு சொந்தப் பாட்டு பாட வேண்டும், ஊர்ப்பிள்ளை ஒருவருக்கு அரைமணி நேரம் மேடை விட வேண்டும் என்று கமிட்டி நிபந்தனை போட்டால் பாடகர்கள் மறுக்கமாட்டார்கள். வில்லுப்பாட்டுக் குழுவுக்கும் கமிட்டி மரியாதையான தொகை கொடுக்க வேண்டும். கொடைக்கு வரி கொடுக்கும் வீட்டுக்காரர்கள் ஊர்க்கூட்டத்தில் இதைக் கேட்கலாம். கச்சேரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும்.